நாகையாவைப் பார்க்க வந்த மூன்று பட்டை ரம்பங்கள்

1932ஆம் ஆண்டு பங்குனி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் நாகையாவின் வீட்டு வாசலுக்கு மூன்று பட்டை ரம்பங்கள் தாமே நடந்து வந்து வரிசையாக நின்றன. அன்று பாசாரில் இறால் வரத்துக் குறைவு, வெயில் வழக்கம்போல. இரண்டு ரம்பங்கள் கோலாலம்பூர்க் கடைகளிலிருந்து வந்தவை. மூன்றாவது கிள்ளானிலிருந்து இருபது மைல் நடந்து வந்ததால் அதன் இரும்புக் கால்களில் முட்டி வரை செம்மண் அப்பியிருந்தது.

நாகையா ரயில்வே பட்டறையில் தச்சர். கைவேலையில் குறை சொல்ல ஆளில்லை. ஆனால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மனிதருக்கு வியர்த்துவிடும். சட்டைத்துணி எடுக்கப் போனால் கடை சாத்தும்வரை நின்று வெறுங்கையோடு திரும்புவார். இராஜம்மாவைப் பெண் பார்த்துவிட்டு வந்தவர் எட்டு மாதம் பதிலே சொல்லவில்லை. கடைசியில் முகூர்த்த நாளைக் குறித்து அனுப்பியது இராஜம்மாதான். மூத்தவள் சந்திரகலா வயிற்றில் இருந்தபோது இராஜம்மாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். வீட்டின் பின்னறையைப் பட்டறையாக்கி, ஒரு பட்டை ரம்பம் வாங்கி வைத்து, வளைந்த கால்களோடு தேக்கில் ஒரு தொட்டில் செய்வதாக. பட்டை ரம்பமென்றால் மேலொரு சக்கரம், கீழொரு சக்கரம், இரண்டையும் சுற்றி ஓடும் பல் வைத்த எஃகு நாடா. வளைவு அறுக்க அதைவிட்டால் வேறு கருவி கிடையாது. ஆனால் பின்னறை எட்டடிக்கு ஆறடி. அதற்கு அடக்கமான ரம்பம் எது என்று கேட்டு நாகையா கடைகளுக்கு ஆறு வருஷம் காகிதம் எழுதினார். சக்கரம் எத்தனை அங்குலம், மேசை இடுப்புக்கு வருமா, எவ்வளவு கனத்தை அறுக்கும், ஓடும்போது ஆடுமா, நாடா அறுந்தால் மாற்று நாடா கிடைக்குமா. பதில்கள் வந்தன. பதில்களில் இருந்த சந்தேகங்களைக் கேட்டு மறுபடி எழுதினார். சந்திரகலா சேலைத் தூளியிலேயே வளர்ந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள்.

மாசி மாதம், இரண்டாவது பிள்ளைக்கு நாள் நெருங்கியபோது, இராஜம்மா தகரப் பெட்டியை எடுத்து வைத்தாள்.

"நான் கிள்ளானுக்கு எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன். தொட்டிலோட வந்தீங்கன்னா திரும்பி வரேன். இல்லாட்டி நீங்க காகிதம் எழுதிக்கிட்டே இருங்க."

அவளைத் தடுப்பதா, பெட்டியைத் தூக்கிக்கொடுப்பதா என்று நாகையா யோசித்துக்கொண்டிருக்கும்போதே தாயும் மகளும் ரயிலேறிப் போய்விட்டார்கள்.

ரம்பங்கள் வந்த அன்று மத்தியானம் கிள்ளான் இரும்புக் கடைக்காரர் முத்து முகம்மது மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"நாகையாண்ணே, என் சாமான் இங்க வந்துச்சா?"

"வந்து நிக்குது தம்பி. ஏன் அனுப்புனீங்க?"

"நான் எங்கண்ணே அனுப்புனேன்? காலையில கடையத் திறந்தா ஆளக் காணோம். ஆறு வருஷமா காகிதம் போடுறீங்க, அதுக்கும் பொறுமைன்னு ஒண்ணு இருக்குல்ல லா."

நாகையா ரயில்வே பட்டறையில் ஒரு வாரம் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு அளவுநாடாவோடு உட்கார்ந்தார். முதல் ரம்பம் மோட்டார் வைத்தது, ஆறரை அடி உயரம். வாசல் நிலையைப் பார்த்துவிட்டுக் குனிய மறுத்தது. இரண்டாவது மேசைமேல் வைக்கும் அளவுக்குச் சிறியது, அழகானது, ஆனால் மூன்று அங்குலக் கட்டையைக் காட்டியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கிள்ளான் ரம்பம் காலால் மிதித்து ஓட்டுவது. சக்கரம் பதினான்கு அங்குலம். ஓரத்தில் கொஞ்சம் துரு. அறுக்கும்போது நாடா ஒரு நூல் அளவுக்கு இடப்பக்கம் சாய்ந்தது. அந்த ஒரு நூலை நினைத்து நாகையாவுக்குச் சோறு இறங்கவில்லை. அக்கம்பக்கத்தார் ஆளுக்கொன்று சொன்னார்கள். எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டார். சனிக்கிழமை பெரிய ரம்பம் யாரிடமும் சொல்லாமல் டவுன் பக்கம் நடந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவ்வழியே போன கட்டைச்செருப்புச் சீனர் ஒருவர் சின்ன ரம்பத்தை நின்று பார்த்து, ஒரே ஒரு தரம் தலையாட்டினார். அது அவர் பின்னால் போய்விட்டது.

மிச்சம் ஒன்றுதான். அப்போதும் நாகையா, சிங்கப்பூரில் ஒரு கடை இருக்கிறதாமே, அதற்கும் ஒரு காகிதம் போட்டுப் பார்ப்போம் என்று பேனாவை எடுத்தார். மேலே விலாசத்தைக்கூட எழுதி முடிக்கவில்லை, வெளியே இரும்புக்கால் சரளையில் உரசும் சத்தம் கேட்டது. கிள்ளான் ரம்பம் தெருவில் இறங்கிக்கொண்டிருந்தது. மாசி மாதம் தாயும் மகளும் இப்படித்தான் தெருவில் இறங்கிப் போனார்கள். நாகையா செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய் அதன் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"போகாதம்மா. நீதான். எனக்கு வேற எதுவும் வேணாம்."

நான்கு நாளாகத் தூணோரம் உட்கார்ந்திருந்த முத்து முகம்மது, "அல்லாவே!" என்று எழுந்து, எண்ணெய்ப் புட்டி ஒன்றை இலவசமாகக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

ரம்பம் பின்னறையில் கச்சிதமாக அடங்கியது. பக்கவாட்டில் திரும்பிக்கொண்டால் நாகையாவும் அடங்கினார். கட்டையை ஒரு நூல் வலப்பக்கம் தள்ளிப் பிடித்தால் இடச்சாய்வு சரியாகிவிடும் என்பது முதல் மணி நேரத்திலேயே தெரிந்தது. மூன்றாம் நாள் தொட்டில் தயார். ரம்பம் அதைத் தன் மேசைமேல் ஏற்றிக்கொண்டு அவரோடு ஸ்டேஷனுக்கு நடந்தது. டிக்கெட் கொடுக்கும் கிராணி ஜெயராஜ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார்.

"இது லக்கேஜா, ஆளா?"

"தானா நடக்கும் சார்."

"ரயில் பெட்டிப் படி ஏறுமா?"

"ஏறும்."

"அப்ப மூணாம் கிளாஸ் ரெண்டு டிக்கெட் எடுங்க."

கிள்ளானில் பிள்ளை பிறந்து நான்கு நாளாகியிருந்தது. பெண்பிள்ளை. இராஜம்மா தொட்டிலை இரண்டு தரம் ஆட்டிப் பார்த்தாள். வளைந்த கால்கள் தரையில் சத்தமின்றி உருண்டன.

"இந்த ரம்பந்தான்னு யாரு முடிவு பண்ணது?"

"நான்தான்."

அவள் நம்பாமல் ரம்பத்தைப் பார்த்தாள். அது மேல் சக்கரத்தை அரைச்சுற்றுச் சுற்றியது. இராஜம்மா பிள்ளையைத் தொட்டிலில் கிடத்தினாள்.

"பிள்ளைக்கு என்ன பேர் வைக்கலாம்னு..." என்று நாகையா மெதுவாக ஆரம்பித்தார்.

"வள்ளியம்மான்னு வச்சாச்சு. உங்களக் கேட்டா அவ கிழவியாயிருவா."

பிறகு எல்லோரும் சாப்பிட்டார்கள். வெயில் உச்சியிலிருந்தது. இராஜம்மாவின் அண்ணன் வந்தவர்களுக்கெல்லாம் கூடத்தில் படுக்கப் பாய் விரித்துவிட்டு, ஜன்னலோரம் காற்று வரும் இடமாகப் பார்த்து ரம்பத்துக்கும் ஒன்று விரித்தார்.