காகிதக் கடையில் ஆறடி

என் கணவர் விஜயரத்தினம் ஒரு நகரம் கட்டினார். வீடு கட்டவில்லை. இதை முதலில் சொன்னால்தான் என் கோபம் உங்களுக்கு விளங்கும்.

மாத்தளையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் அவர் தலைமை எழுதுவினைஞர். வடமராட்சியில் பிறந்தவர். மாத்தளைக்கு வந்த இருபத்தாறு வருஷத்தில் அவருடைய வடமராட்சிப் பேச்சு கரைந்து மாத்தளைப் பேச்சாகிவிட்டது; பிடிவாதம் மட்டும் கரையவில்லை. எண்பத்தைந்தாம் ஆண்டு ஆவணியோடு அவருக்குப் பென்ஷன். அதற்குப் பிறகு அரசாங்கம் தந்த குவார்ட்டஸைக் காலி செய்துகொடுக்க வேண்டும். எங்களுக்குப் போக இடமில்லை. வடக்கில் கிடந்த சீதனக் காணியை நம்பிப் போகக்கூடிய காலமா அது? நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் காகிதத்தில் தெரு போட்டுக்கொண்டிருந்தார்.

தமிழரைத் தேடித் தேடி அடித்த எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் நாங்கள் நான்கு நாள் மீராசாஹிப் நானாவின் ஸ்டோர் மாடியில் ஒளிந்திருந்தோம். நானா டவுனில் ஹாட்வெயர் கடை வைத்திருப்பவர். கடைக்கு எதிர்ப்பக்கத்தில்தான் அந்த ஸ்டோர். மாடிப் படிக்கட்டின் அடியில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, வந்தவனையெல்லாம் திருப்பி அனுப்பி எங்களைக் காப்பாற்றினார். நாங்கள் வீடு திரும்பிய கிழமையே என் கணவர் வரையத் தொடங்கினார்.

கந்தோரில் கழித்துப் போட்ட படிவங்களின் பின்பக்கங்களைக் கோதுமை மாப் பசையால் ஒட்டி, சாப்பாட்டு மேசை அளவுக்கு ஒரே காகிதமாக்கினார். அதில் பஸ் ஸ்டாண்ட் வந்தது, வாசிகசாலை வந்தது, மூடி போட்ட கழிவுநீர்க் கான்கள் வந்தன. கோயில், பள்ளிவாசல், பௌத்தர்களின் பன்சல, தேவாலயம் நான்கும் ஒன்றின் ஒலிபெருக்கி மற்றதுக்குக் கேட்காத தூரத்தில் வந்தன. ஊருக்குப் பெயர் மட்டும் வைக்கவில்லை. வைத்தால் பலகையில் எந்த மொழியை மேலே எழுதுவது என்று தகராறு வருமாம். மேசையை நகரம் பிடித்துக்கொண்டதால் நாங்கள் சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துச் சாப்பிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேநீருக்கு வரும் நானாவுக்கு இந்த நகரம் பிடித்துப்போயிற்று. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மூலைக் காணி கேட்டார். என் கணவர் முறைப்படி விண்ணப்பம் எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார். அங்கே நானாவுக்கு மூன்று மாடிக் கடை எழும்பியது. அதைப் பற்றி உக்குவளையில் இருக்கும் மச்சான்மாரிடம் அவர் அளந்த அளப்பில், ஒருவர் திறப்பு விழா எப்போது என்று கேட்டு மாத்தளைக்கே வந்துவிட்டார்.

இதற்கிடையில் நானா எனக்கொரு வாக்குக் கொடுத்திருந்தார். பக்கத்து ஊரான அலுவிகாரையில், அவருடைய வீட்டுக்குப் பின்னால், ஒரு வீட்டுக்குப் போதுமான பத்துப் பேர்ச்சஸ் காணியை எங்களுக்குத்தான் தருவாராம். இது காகிதக் காணி இல்லை. பலாமரம் நிற்கிற, மழை பெய்தால் நனைகிற காணி. "டீச்சர் பக்கத்துல இருந்தா என்ட பேரப்புள்ளைகளுக்கும் நல்லந்தானே," என்றார். குசினி எந்தப் பக்கம் வர வேண்டும் என்றுகூட நான் யோசித்து வைத்துவிட்டேன்.

பென்ஷனுக்கு மூன்று மாதம் இருக்கும்போது என் கணவர் பஸ் ஸ்டாண்ட் தெருவை அகலமாக்கினார். நானாவின் கடையில் ஆறடி போயிற்று. சத்தமில்லாமல் கோட்டை நகர்த்தியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. முப்பது வருஷம் கந்தோரில் இருந்த மனிதர் அப்படிச் செய்வாரா? அறிவித்தல் எழுதினார். பொதுத் தேவைக்காக மேற்படி கடையின் முகப்பில் ஆறடி சுவீகரிக்கப்படுகிறது. ஆட்சேபனை உள்ளவர்கள் இருபத்தொரு நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்கவும். கையெழுத்தும் திகதியும் போட்டு, கலண்டர் தொங்கிய ஆணியில் குத்தினார்.

அடுத்த ஞாயிறு நானா அதை இரண்டு தரம் வாசித்தார். தேநீரைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

"என்ன கிளாக்கர் ஐயா இது? என்ட கடைய வெட்டுறீங்க?"

"பொதுத் தேவை, முதலாளி. அறிவித்தல்ல இருக்கு."

"அப்பிடி என்ன தேவை?"

"நிர்வாகக் காரணம்," என்றார் என் கணவர்.

நானா எழும்பிவிட்டார். வாசல்வரை போனவர் என் பக்கம் திரும்பினார். "காயிதத்துலயே அடுத்தவன்ட எல்லைய மதிக்காதவரு, நெசத்துல வேலி போடக்குள்ள என்ன செய்வாரு டீச்சர்? அலுவிகாரைக் காணிய நான் கொஞ்சம் யோசிக்கணும்."

அன்று என் கணவருக்கு நான் சொன்னவற்றையெல்லாம் அச்சில் போட முடியாது. போடக்கூடியது இவ்வளவுதான்: "இல்லாத தெரு, இல்லாத கடை! அந்த ஆறடியத் திருப்பிக் குடுங்க. நமக்குப் படுக்க இடமில்லாமப் போகப்போகுது."

அவர் கோடு போடும் அடிமட்டத்தைத் துடைத்தார். "தெரிஞ்சவர்ங்கிறதுக்காகக் கோட்ட மாத்தினா அது ஊரில்ல, சரோஜினி."

"காரணத்தையாவது அவர்கிட்டச் சொல்லித் தொலைங்க."

அதையும் சொல்லமாட்டாராம்.

மறுநாள் அவர் கந்தோருக்குப் போனதும் நான் அழிறப்பரை எடுத்தேன். ஆறடி என்பது அந்தக் காகிதத்தில் ஒரு நெல்மணி அளவுகூட இல்லை. ஆனால் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் கொப்பிகளை அழித்துப் பழகிய கை, போதாததுக்கு ஆத்திரம். பசை காய்ந்து மொரமொரத்திருந்த காகிதம் பிய்ந்துவிட்டது. தெருவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நானாவின் மூன்று மாடியும் ஓட்டையாகிப் போயிற்று. மாலையில் அவர் வந்து பார்த்தார். பின்பக்கத்தில் ஒட்டுப் போட்டு, ஜன்னல் ஜன்னலாகக் கடையை மறுபடி கட்டினார், அதே ஆறடியை விட்டுத்தான்.

இருபதாம் நாள் நானா ஒரு நீளக் கடிதத்தோடு வந்தார். நீதிமன்ற வாசலில் பெட்டிசம் எழுதுபவரிடம் கொடுத்து எழுதுவித்தது. "எனது தகப்பனார் காலம்தொட்டு பரம்பரையாக அனுபவித்துவரும் மேற்படி கடையானது" என்று அது தொடங்கியது. கடை காகிதத்தில் இருக்கிறது என்பதை நானா பெட்டிசக்காரரிடம் சொல்லியிருக்கவில்லை.

என் கணவர் உள்ளே போய்க் கந்தோர் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்து விசாரணைக்கு உட்கார்ந்தார். என்னைக் குறிப்பெடுக்கச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தேன்.

"ஆட்சேபனைக்காரர் கேக்கிறது என்ன?"

"பதினெட்டடி ரோட்டு எதுக்கு இருபத்திநாலடி ஆகணும்? அதச் சொல்லுங்க, போதும்."

"நிர்வாகக் காரணம்."

நான் பேனையை எறிந்துவிட்டேன். "காரணம் காட்டாத உத்தரவு செல்லாதுன்னு இத்தன வருஷமா எனக்குச் சொல்லித் தந்தது நீங்கதானே? குறிப்புல நான் என்னத்த எழுத?"

மனிதரை மடக்குவதென்றால் அவருடைய சட்டத்தாலேயே மடக்க வேண்டும். அவர் கவராயத்தை எடுத்துத் தெருமுனையில் ஊன்றி ஒரு வளைவு போட்டார்.

"தீயணைக்கிற வண்டி திரும்ப இவ்வளவு இடம் வேணும். பதினெட்டடியில திரும்பாது. கலவரத்துல அன்னைக்கு ஸ்டோர் மாடி ஜன்னலால பாத்தேன். முனை வரைக்கும் வந்துச்சு. முன்னுக்கும் பின்னுக்குமா எடுத்துப் பாத்தாங்க. முடியல்ல."

எனக்கும் அந்த நாள் நினைவிருக்கிறது. நான் ஜன்னல் பக்கமே போகவில்லை. தரையில் படுத்துக் காதைப் பொத்திக்கொண்டிருந்தேன். கலவரக்காரர்கள் தீ வைத்தது தர்மராஜாவின் தையல் கடைக்கு. அது நானாவின் கடைக்கு அடுத்த கடை. தையல் கடை முழுதாக எரிந்து, நானாவின் கடையும் பாதி போயிற்று. தர்மராஜா அகதிகளோடு வடக்கே போனார். பிறகு அவரிடமிருந்து ஒரு கடிதமும் இல்லை.

நானா வளைவின் மேல் விரலை வைத்தார். விரல் மெதுவாக ஊர்ந்து கடை முகப்பில் வந்து நின்றது. நிஜத் தெருவிலும் அவருடையது மூலைக் கடைதான். அங்கே முகப்பிலிருந்து ரோட்டுக்குள் ஆறடிக்குத் தகரப் பந்தல் இறக்கி, வாளிகளையும் கம்பிச் சுருள்களையும் அடுக்கி வைத்திருந்தார். அன்று வண்டிக்கு வழிவிட அதைப் பிரித்துப் போட ஆளில்லை. பிரிக்க வேண்டியவர் எங்கள் படிக்கட்டின் அடியில் காவலுக்கு உட்கார்ந்திருந்தார்.

"என்ட தகரப் பந்தல்," என்றார் நானா.

"நான் அப்படிச் சொல்லல்ல, முதலாளி."

"இதுக்காகவா இத்தன நாளா வாயத் தொறக்காம இருந்தீங்க?"

என் கணவர் அடிமட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காணி கைவிட்டுப் போனாலும் போகட்டும், உயிரைக் காப்பாற்றியவரின் முகத்துக்கு நேரே இதைச் சொல்லக்கூடாது என்று இருந்திருக்கிறார். என் ஏச்சையெல்லாம் இருபது நாள் வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

நானா பெட்டிசத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிஞ்சி எழுதி முடிக்க நொத்தாரிசுட்டப் போவம் டீச்சர். காணி ஒங்களுக்குத்தான்."

நான் தேநீர் ஊற்ற எழும்பினேன். நானா போக எழும்பவில்லை. காகிதத்தின் மேல் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"இதுல தர்மராஜாக்குக் கடை இரிக்கா?"

"இல்ல," என்றார் என் கணவர். "அவர் விண்ணப்பம் தரல்லையே."

"அவருக்குப் பதிலா நான் தாறேன். என்ட கடையில வெட்டிக் குடுங்க. எத்தன அடி வேணும்?"

"ஒரு மெஷின் போட எட்டடி போதும்."

"பத்தடியாப் போடுங்க," என்றார் நானா. "துணி வெட்டுற மேசையும் வைக்கணுமே மனிசன்."