வெயிலில் வைத்த கம்பி

ஆட்கள் உட்கார இடம் வேண்டுமென்று பட்டறைப் பெஞ்சை இழுத்தபோது, அதன்மேல் இருந்த காந்தம் நகர்ந்து ஒரு துண்டுக் கம்பியில் ஒட்டிக்கொண்டது. லேசாகத்தான். ஊதினால் விழுந்துவிடும்போல.

அவன் பெஞ்சை விட்டுவிட்டான்.

மச்சானின் படகுக்குப் புதிதாகச் சுழல்தண்டு கடைந்ததில் மிஞ்சிய துண்டு அது. நிக்கல்-செம்புக் கம்பி இரண்டு ரகம் வந்திருந்தது. கடல் உப்பு இரண்டையும் அரிக்காது, பார்வைக்கும் ஒன்றுதான். ஆனால் நானூறு என்ற ரகம் மெத்து, பலம் குறைவு. படகின் உந்துவிசையைத் தாங்குவது கே-ஐந்நூறு. பெயிண்ட் அடையாளம் அழிந்துபோயிருந்ததால் அவன் மனைவி முற்றத்தில் உட்கார்ந்து காந்தம் வைத்துப் பிரித்தாள். ஒட்டினால் நானூறு, ஒட்டாவிட்டால் ஐந்நூறு. அன்றைக்கு உச்சி வெயில். கம்பியைத் துணி சுற்றித்தான் தூக்கினாள்.

துண்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்கு ஓடினான். காப்பிக்குக் கொதித்த தண்ணீரில் போட்டான்.

"ஐயோ தம்பி, என்ன பண்றீங்க?" பக்கத்து வீட்டு அக்கா அவனைப் பயத்தோடு பார்த்தாள்.

இடுக்கியால் எடுத்துக் காந்தத்தைக் காட்டினான். ஒட்டவில்லை. சூடேறினால் நானூறும் ஒட்டாது; அந்த உச்சி வெயிலிலும் ஒட்டியிருக்காது.

கூடத்தில் அவன் மனைவியைக் கிடத்தியிருந்தார்கள். காய்ச்சல் என்று படுத்தவள், எழுந்திருக்கவில்லை.

"உன் மச்சான் படகத் தலைதெறிக்க ஓட்டிட்டு வர்றானாம்," என்றார் சித்தப்பா. "வந்ததும் எடுத்துரலாம். இருட்டிட்டா இடுகாட்டுக் கதவ சாத்திருவான்."

தண்டு முறிந்தால் பின்பக்கம் உருவிக்கொண்டு போகும். அந்தத் துளை வழியே கடல் ஏறும். பட்டறைக்கு ஓடி வயர்லெஸ்ஸின் பொத்தானை அழுத்தினான்.

"மச்சான், எஞ்சினக் கொறைங்க."

"மூடிராதீங்க மாப்ள, வந்துட்டேன்! முகத்த ஒரு தடவ பாத்துக்கறேன்!" எஞ்சின் அலறலில் குரல் பாதிதான் கேட்டது. இடையிடையே அலை அறைந்தது.

"ஷாஃப்ட் தாங்காது. அது மெத்துக் கம்பி. பாதிக்கும் கீழ கொண்டாங்க."

"போடா! என் தங்கச்சி கையால பொறுக்கிக் குடுத்தது."

அவன் கையில் துண்டு இன்னும் சுட்டது.

"அவ சரியாத்தான் பிரிச்சா. கடையறப்ப நான்தான் மாத்தி எடுத்துட்டேன்."



"பாவி... இன்னிக்காடா சொல்லுவ?"

"திட்டுங்க. மொதல்ல கொறைங்க."

"கொறச்சா பொழுது சாஞ்சிரும்டா."

"தெரியும்."

சித்தப்பா வாசலில் வந்து நின்றார். "எங்க வர்றானாம்?"

"லேட்டாகும். நீங்க ஆக வேண்டியதப் பாருங்க."

கருவியில் அலறல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பிறகு எஞ்சினின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்டது. கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கும் சத்தம். யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். அவன் கருவியைக் காதிலிருந்து எடுக்கவில்லை.