உதட்டுக்கு முந்திய குரல்

கஜேந்திரன் வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டான். அப்பாவின் குரல் முடிந்துவிட்டது; உதடு மட்டும் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

பக்கத்து ஹாலில் சவப்பெட்டிக்குள் கிடந்தார் அப்பா தியாகராஜா. நேற்றுக் காலை நாவலப்பிட்டி பஸ் ஸ்டாண்ட் ஓரமாக, தன் த்ரீவீலரின் ஹேண்டிலில் தலை சாய்த்தவர்தான். தூங்குகிறார் என்று நினைத்துப் பின்னால் ஏறி உட்கார்ந்த ஒரு பெண், போக வேண்டிய இடத்தைக்கூடச் சொல்லியிருக்கிறாள். அதற்குச் சற்று முன்தான், காலைச் சாப்பாட்டு ரொட்டி வாங்குவதற்காக மகனுக்குப் போன் எடுத்து, "பாண் ஒண்ணு போதுமாடா?" என்று கேட்டார். "போதும்ப்பா" என்றான். அவன் மனது இன்னும் அந்தச் சொல்லைத் தாண்டவில்லை.

தோஹாவில் வேலை செய்யும் அக்கா சிந்துஜாவுக்கு லீவு கிடைக்கவில்லை. "பொட்டியில படுத்திருக்கிறத காட்டாதடா. அப்பா பேசுறத அனுப்பு" என்று கேட்டிருந்தாள்.

ஊர்க் கல்யாண வீடியோக்களையெல்லாம் எடிட் செய்பவனிடம் அப்பா பேசும் வீடியோ ஒன்றுதான் இருந்தது. தீபாவளியன்று போனில் எடுத்தது. கூட்டத்தை வெட்டி அவரை மட்டும் எடுக்கலாம் என்று, அதை வேறு வடிவத்துக்கு மாற்றி சாப்ட்வேரில் ஏற்றியபோதுதான் இப்படிக் குரல் முந்திக்கொண்டது.

அத்தை வாசலில் நின்றாள். "மோளக்காரங்க வந்துட்டாங்க. பொணத்த வச்சுக்கிட்டு என்னா வேலடா ஒனக்கு?"

"இந்தா முடிஞ்சிரும் அத்தே."

கோளாறு அவனுக்குப் பழகியதுதான். வெளிச்சம் கூடக் குறைய, போன் ஒரு நொடியில் அதிகமாகவும் அடுத்த நொடியில் குறைவாகவும் படங்களை எடுத்திருந்தது. மாற்றிய பிறகும் அந்த ஏற்ற இறக்கம் போகவில்லை. சாப்ட்வேரோ எல்லா நொடியும் சமமென்று எண்ணிக்கொண்டது. குரல் தன்பாட்டில் ஓட, படம் பின்தங்கிவிட்டது. போனில் இருந்த அசல் வீடியோவை எடுத்து, நொடிக்கு இருபத்தைந்து படம் என்று மாறாத வேகத்தில் மீண்டும் மாற்றினான். டைம்லைனையும் இருபத்தைந்துக்கே வைத்தான். யாரோ வாடிக்கையாளருடைய வேலையைப் போல விரல்கள் எல்லாவற்றையும் செய்தன. அவனுக்கு அழுகை வரவில்லை.

ஹெட்போன் வயர் கம்ப்யூட்டரிலிருந்து கழன்று கிடந்ததைக் கவனிக்காமலே ஓடவிட்டான்.

"ஏ பாலம்மா! இவன் என்னைய படம் புடிக்கிறான் பாரு. தேத்தண்ணி ஒண்ணு கொண்டாயேன்."

உதடும் குரலும் அச்சாகப் பொருந்தின.

ஹாலில் ஒப்பாரி அறுந்தது.

"இந்தா, வர்றேங்க" என்றது அம்மாவின் குரல்.

கஜேந்திரன் எழுந்து ஓடினான். பெட்டியருகே உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து, அவிழ்ந்த கூந்தலை அள்ளி முடிந்தபடி அவனைக் கடந்து குசினிக்குள் போனாள். பிணம் எடுக்கும்வரை சாவு வீட்டில் அடுப்புப் பற்றவைப்பதில்லை. அத்தை தடுக்கப் போய், குசினி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

தீக்குச்சி உரசும் ஓசை கேட்டது. கேத்தலில் தண்ணீர் முனகத் தொடங்கியது.

அம்மா ஒரு கோப்பையை எடுத்துக் கழுவி, தண்ணீர் வடிவதற்காகக் கவிழ்த்து வைத்தாள்.