வண்டிக்கு முன்னால் நடந்தவன்

ஆளில்லாத போர் வண்டி நல்லதா கெட்டதா என்று தொலைக்காட்சியில் கோட்டுப் போட்டவர்கள் வாய் கிழியப் பேசுவார்கள். அதை ஓட்டுகிற அக்காவை யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. அன்று கேட்டிருந்தாலும் அவளுக்குப் பேச நேரமில்லை. முன்னணியில் ஒரு பதுங்கு குழியில் அவள் தம்பி தொடையில் குண்டு பாய்ந்து கிடந்தான். ரத்தம் நிற்கவில்லை என்று வயர்லெஸ்ஸில் சொல்லியிருந்தார்கள். ஆம்புலன்ஸ் இரண்டு போயின, இரண்டும் திரும்பவில்லை. மிச்சமிருந்தது அவள் வண்டி ஒன்றுதான்.

வண்டி அங்கே, அவள் இங்கே. மூடிப்போன ஒரு துணிக்கடையின் மாடியில், சேலையைத் தோளில் போட்டுப் பார்க்கிற இடத்தில் மேசை போட்டு, திரைகளை வைத்து, போர் நடத்திக்கொண்டிருந்தார்கள். சுவரெல்லாம் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் சொந்த மூஞ்சியே முறைக்கும். சண்டைக்கு முன்னால் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் என்பதால் இந்த வேலைக்கு எடுத்தார்கள். மேஜரைத் தவிர அந்த மாடியில் எல்லோருக்கும் அவள் அக்காதான்.

பக்கத்து நாற்காலியில் துப்பாக்கிக்காரன். வாயைத் திறக்கவே மாட்டான் என்பதால் அவனுக்குப் பூட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் ஓட்டுவாள், அவன் சுடுவான். ஓடும்போது சுட்டால் குறி தப்பி நம் ஆளையே துளைத்துவிடும் என்று, வண்டி முழுசாக நின்றால்தான் துப்பாக்கி வேலை செய்யும்படி வைத்திருந்தார்கள். அவள் பிரேக்கைப் பிடித்து, "நின்னாச்சு" என்பாள். அப்புறம்தான் அவன் விரல் அசையும். அந்த ஒரு வார்த்தையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு மத்தியானச் சாப்பாடும் சாப்பிட்டிருக்கிறாள்.

வண்டி ஒரு கட்டில் அகலம். பின்னால் ஒருவரைப் படுக்கவைக்க இடம், முன்னால் துப்பாக்கி. இடிந்த சுவர்களுக்கு நடுவே மண்பாதையில் உருட்டிக்கொண்டு போனாள். "மெதுவா, மெதுவா, அழுவாதீங்க, வீடு வந்துடும்" என்று பழைய பஸ் பேச்சு தன்னால் வாயில் வந்தது. பூட்டு திரும்பிப் பார்த்தான்.

வளைவு தாண்டியதும் பாதை நடுவில் ஒருவன் நின்றான். எதிரிச் சட்டை. தலையில் தொப்பி இல்லை. இரண்டு கையும் மேலே.

"நிறுத்து," என்றார் பின்னாலிருந்து மேஜர்.

அவள் நிறுத்தவில்லை. வேகத்தைக் குறைத்தாள். வண்டி நத்தையாக ஊர்ந்தது.

"சார், கையத் தூக்கியிருக்கான்."

"கையத் தூக்கிட்டு இடுப்புல வெடி கட்டியிருப்பான். நிறுத்துன்னா நிறுத்து."

அந்த ஆள் தன் சட்டையை மேலே தூக்கிக் காட்டினான். வெறும் வயிறு, ஒட்டிப்போன வயிறு. பிறகு கீழே தரையைக் காட்டினான். பாதையின் இடப்பக்கம், வலப்பக்கம், மறுபடி இடப்பக்கம். என்னவோ கத்தினான். வண்டிக்குக் கண் உண்டு, காது கிடையாது. அவன் வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

"கண்ணிவெடி," என்றான் பூட்டு. அன்றைக்கு அவன் பேசிய முதல் பேச்சு. "எங்க இருக்குன்னு காட்டுறான்."

"இல்லாத இடத்தைக் காட்டி, இருக்கிற இடத்துல ஏத்திவிடுவான்," என்றார் மேஜர். "அங்க கெடக்கிறது உன் தம்பி. வண்டி போச்சுன்னா அவனும் போனான். உனக்கு இப்ப பாவ புண்ணியம் கேக்குதா?"

அவளுக்குக் கோபம் வந்தது. மேஜர் சொன்னது பொய்யாக இருந்தால் வந்திருக்காது. அந்த ஒல்லிப்பயலுக்காகத் தம்பியைப் பணயம் வைக்க அவள் யார்? ஆனால் அந்த வண்டிக்குள் அவளே உட்கார்ந்திருந்தால், பயத்தில் எப்போதோ "நின்னாச்சு" சொல்லியிருப்பாள். யாரும் குறை சொல்ல முடியாது. உயிர் பயம் என்று ஒரு சாக்கு இருந்திருக்கும். இங்கே, மின்விசிறிக்குக் கீழே, என்ன சாக்கு?

"இங்க யார் சார் சாகப்போறா?" என்றாள். "நாற்காலியா?"

மேஜருக்கு முகம் சிவந்தது. அவள் விரலை அசைத்துக் கேமராவைக் கீழே இறக்கி மேலே ஏற்றினாள். ஆமாம் என்று தலையாட்டுகிற மாதிரி. அந்த ஆள் அதைப் புரிந்துகொண்டான். திரும்பி, தரையைப் பார்த்தபடி முன்னால் நடந்தான். அவன் இடது பக்கம் ஒதுங்கினால் வண்டியும் ஒதுங்கியது. அவன் தாண்டிய இடத்தை அவளும் சுற்றிப்போனாள். நின்றால் துப்பாக்கி சுடத் தயாராகிவிடும், மேஜர் பூட்டிடம் உத்தரவு போட்டுவிடுவார். அதனால் அவன் யோசித்து நின்ற இடங்களில்கூட அவள் முன்னும் பின்னும் ஒரு விரற்கடை ஆட்டிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தடவை சக்கரம் உருளும்போதும், இப்போது திரை கருத்துவிடும், தம்பியைக் கொன்றுவிடுவேன் என்று நினைத்தாள்.

மாடியில் இருந்த அத்தனை பேரும் வேலையைப் போட்டுவிட்டு அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். வயர்லெஸ்காரரும்தான். திரையில் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால், உலகத்துக்கே தெரிகிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

பதுங்கு குழியின் மணல்மூட்டைகள் தெரிந்தன. அந்த ஆள் திரும்பிப் பார்த்து வண்டியிடம் சிரித்தான். முன்பல் ஒன்று இல்லை. மறுபடி கையைத் தூக்கிக்கொண்டு இரண்டு எட்டு வைத்தான். பிறகு யாரோ உட்காரச் சொன்ன மாதிரி உட்கார்ந்து, பக்கவாட்டில் சாய்ந்தான்.

அவள் பூட்டைப் பார்த்தாள். அவன் இரண்டு கையையும் மேசைக்கு மேலே தூக்கிக் காட்டினான். "நான் இல்லக்கா. வண்டி நிக்கவே இல்லியே."

மேஜர் வயர்லெஸ்காரரைப் பார்த்தார். வயர்லெஸ்காரர் மேஜரைப் பார்த்தார்.

"இவன் வர்றான்னு குழிக்குச் சொன்னீங்களா?" என்றார் மேஜர்.

"நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன் சார்."

அவள் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். யாரும் ஆட்சேபிக்கவில்லை. குழியிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்து தம்பியைத் தூக்கி வண்டியில் கிடத்திக் கட்டினார்கள். திரும்பும்போது, விழுந்து கிடந்தவன் காலில்கூடச் சக்கரம் படாமல் சுற்றி ஓட்டினாள். பாதையில் அவன் செருப்புத் தடம் அப்படியே இருந்தது. அதன் மேலேயே உருட்டித் தம்பியைக் கொண்டுவந்து சேர்த்தாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து தம்பி கூப்பிட்டான். கால் பிழைத்துவிட்டது, உயிர் பிழைத்துவிட்டது. மருந்து மயக்கத்திலும் குரலில் குஷி.

"அக்கா, ஒண்ணு தெரியுமா? நீ என்னக் காப்பாத்தினேன்னு எல்லாரும் சொல்றாங்க. உன் வண்டியக் காப்பாத்தினதே நான்தான். ஒருத்தன் அதுக்கு முன்னால வந்துக்கிட்டிருந்தான். கைய வேற தூக்கியிருந்தான், எதையோ எறியப்போறான்னு நெனச்சேன். படுத்துக்கிட்டே ஒரே அடி. பசங்க அசந்துட்டாங்க."

கெட்டிக்காரன்டா என்று சொல்லிவிட்டு வைத்துவிடலாம். நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அவன் நிம்மதியாகத் தூங்குவான். வேறு யாரும் அவனிடம் சொல்லப்போவதில்லை. மேஜர் இதைப் பற்றி மூச்சுவிட மாட்டார். கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தம்பியின் மேல் உயிரையே வைத்திருந்தாள். அவனைப் பார்க்கிற போதெல்லாம் இதை மறைத்துக்கொண்டு சிரிக்க அவளால் ஆகாது.

"அவன் சரணடைஞ்சுட்டான்டா. கண்ணிவெடிக்கு வழி காட்டிக்கிட்டு வந்தான். அவன் நடந்த தடத்துலதான் உன்னத் திருப்பிக் கொண்டுவந்தேன்."

அந்தப் பக்கம் யாரோ கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகிற ஓசை வந்தது.

"சும்மா சொல்லாதக்கா," என்றான். "அது ஆளே இல்லாத வண்டி. அவன் யாருகிட்டப் போய்க் கையத் தூக்குவான்?"

"எங்கிட்டதான்டா," என்றாள் அக்கா.