கன்னையன் கொடுத்த ஆமைக்குஞ்சுகள்

அர்த்தநாரிக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. திருப்பூர் காதர்பேட்டைக்குப் பின்சந்தில் ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். தொழிலில் கெட்டிக்காரன். குடி, சீட்டு என்று ஒன்றும் கிடையாது. மனைவி அமராவதி என்றால் அவனுக்கு உயிர். ஆனால் அதை அவளிடம் சொல்ல மட்டும் வாய் வராது. சொல்லாமல் விட்ட பிரியம் உள்ளுக்குள்ளேயே கிடந்து புளித்துக்கொண்டிருந்தது.

அறுபத்தைந்தாம் வருஷம், ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. முடி வெட்டிக்கொண்டு வீடு திரும்பியபோது வாசலில் காக்கிச் சட்டை தெரிந்தது. வரிசையாக இருந்த ஐந்து குடித்தனங்களுக்கும் பொதுவான வாசல் அது. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அமராவதி குந்தியிருந்தாள். அவளுக்கு எதிரே, கண்டக்டர் தோல்பையைத் திறந்து வைத்தபடி கன்னையன்.

கன்னையன் அவளுடைய தாய்மாமன் மகன். பல்லடத்துக்காரன். திருப்பூருக்கும் தாராபுரத்துக்கும் ஓடுகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தான். அர்த்தநாரிக்கு அவனைப் பிடிக்காது. பிடிக்காமல் போகும்படி அவன் ஒன்றும் செய்ததில்லை. கல்யாணப் பந்தியில் ஓடியாடிப் பரிமாறியவன் அவன்தான். அமராவதியின் டிரங்குப் பெட்டியை பஸ் ஸ்டாண்டிலிருந்து தலைமேல் தூக்கிக்கொண்டு வந்தவனும் அவன்தான். ஆனால் அந்தப் பந்தியிலேயே யாரோ ஒரு பெண், “இந்தக் கன்னையனுக்குத்தான் புள்ளையக் குடுக்கறதா ஒரு பேச்சு இருந்துச்சு” என்று சொன்னது மாப்பிள்ளையின் காதில் விழுந்துவிட்டது. விழுந்தது விழுந்ததுதான், அப்புறம் வெளியே வரவேயில்லை. போதாததற்கு, மாமன் மகன் என்ற முறையில் அமராவதி அவனை வாய் நிறைய ‘மச்சான்’ என்பாள். தாலி கட்டியவனுக்கு வெறும் ‘ஏனுங்க’.

“வாங்ணா” என்று கன்னையன் எழுந்தான். “பாருங்ணா, உங்க ஊட்டுக்குப் புது ஒறம்பரை ரெண்டு பேரு விருந்துக்கு வந்திருக்குது.”

அமராவதி உள்ளங்கையை நீட்டினாள். இரண்டு ஆமைக்குஞ்சுகள். எலுமிச்சம்பழத்தைப் பாதியாக நறுக்கிக் கவிழ்த்த அளவுதான் ஒவ்வொன்றும் இருந்தது. கறுத்த ஓட்டின்மேல் மஞ்சள் கோடுகள் நாலா பக்கமும் பிரிந்து ஓடின.

“தாராபுரம் ரோட்டுல ஆடு மேய்க்கற அம்மா ஒண்ணு பஸ்ஸுல கொண்டாந்துச்சுங்ணா. மழைக்கு மண்ணுக்குள்ள இருந்து பொரிச்சு ரோட்டுக்கே வந்திருச்சாமா. அமராவதிக்குச் சின்னதுல இருந்தே இதுகன்னா உசுரு. அதான் வாங்கிட்டு வந்தேன்.”

சின்னதிலிருந்தே. ஒரு வருஷமாக ஒரே பாயில் படுத்தும் தனக்குத் தெரியாத ஒன்று இவனுக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்ததும் அர்த்தநாரிக்கு நெஞ்சு காந்தியது.

“ஊட்டுக்குள்ள ஆமை வந்தா ஆகாது” என்றான்.

அவனுக்கு அந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. பூனை குறுக்கே போனால் நின்று திரும்புகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற ஆள். வேறு எதையும் சொல்ல முடியாததால் அதைச் சொன்னான்.

“ஊட்டுக்குள்ள எங்கீங்க? வாசல்லதானுங்க வெச்சுக்கறேன்” என்றாள் அமராவதி.

பக்கத்துக் குடித்தனத்துப் பொன்னாத்தாள் அரிசி புடைத்துக்கொண்டே, “உங்கூட்டுக்காரரு சொல்றதுதான் சரி கண்ணு. ஆமை ஆகவே ஆகாது” என்றாள். அமராவதி அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அன்று மாலையே, அடிப்பாகம் மட்டும் மிஞ்சியிருந்த பழைய மண்தாழி ஒன்றைத் தேடி எடுத்துச் செம்மண் பரப்பினாள். வெயில் ஒரு பக்கமும் நிழல் ஒரு பக்கமுமாக விழும்படி பாதியைப் பலகையால் மூடினாள். தண்ணீருக்கு ஒரு மூடியை மல்லாத்திப் பதித்தாள். இரண்டுக்கும் பேர் வைத்தாள். கறுப்பு கூடுதலாக இருந்தது வண்டு. நெற்றியில் மஞ்சள் புள்ளி இருந்தது பொட்டு.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லாமே ஆமைப் பேச்சுதான். காலை வெயில் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஓடு இளகிப்போகும். மத்தியான வெயில் ஆகாது. தொய்யக்கீரையைப் பொடியாகக் கிள்ளிப் போட வேண்டும். சோறு போட்டால் வயிறு ஊதிவிடும். முட்டை ஓட்டை நுணுக்கிக் கீரைமேல் தூவ வேண்டும். மழை ஈரத்தில் விட்டால் மூக்கு ஒழுகும், கண் வீங்கும். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில் அவள் சேர்க்கிற இரண்டு வார்த்தைதான் அர்த்தநாரியைச் சுட்டது. “மச்சான் சொன்னாரு.”

“அவன் என்ன ஆமை டாக்டரா?” என்று ஒருநாள் கேட்டான்.

“அந்த ஆடு மேய்க்கற அம்மாகிட்டக் கேட்டுட்டு வந்து சொன்னாருங்க” என்றாள் அவள், தாழியிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவளுக்காக அல்லவா போய்க் கேட்டிருக்கிறான் என்று அவன் மனம் அதையும் பிடித்துக்கொண்டது. சாப்பாடு போட்டுவிட்டு அவள் தாழிப்பக்கம் போனால் இவனுக்குச் சோறு இறங்காது. அவள் விரல் நுனியால் வண்டுவின் முதுகைத் தடவும்போது, கன்னையனின் கையைத் தொடுவதாகவே அவனுக்குத் தோன்றியது. தாராபுரம் பஸ்ஸின் ஹாரன் மெயின் ரோட்டில் கேட்டால் அவள் முகத்தைப் பார்ப்பான். அவள் கீரை கிள்ளிக்கொண்டிருப்பாள். ஒன்றும் தெரியாதவள்போல் இருக்கிறாளே என்று அதற்கும் ஆத்திரம் வரும்.

இந்த நினைப்பிலேயே ஒருநாள் மிஷின்முன் நின்றிருந்தான். ஊசி ஒன்று முறிந்ததை அவன் கவனிக்கவில்லை. மேஸ்திரி வந்து துணியை இழுத்துப் பார்த்தபோது நெடுகக் கோடு விழுந்து ஒரு சுருள் முழுக்கப் பாழாகியிருந்தது.

“ஏப்பா அர்த்தநாரி, கண்ணு எங்க இருந்துச்சு? நேத்து வந்தவனா நீயி?” என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார் மேஸ்திரி. அதுவரை ஒரு பேச்சும் வாங்காதவன். தலை குனிந்து நின்றபோதே அவன் முடிவு செய்துவிட்டான். இந்த ஆமைகள் இருக்கிறவரை அந்தக் கண்டக்டர் தன் வீட்டில்தான் குடியிருப்பான்.

அடுத்த ஞாயிறு அமராவதி குழாயடிக்குப் போன நேரம் பார்த்துத் தாழிமேல் இருந்த பலகையைக் கொஞ்சம் நகர்த்திக் கை விட்டான். இரண்டையும் எடுப்பதாகத்தான் இருந்தது. கையில் அகப்பட்டது வண்டு. பொட்டு பலகைக்கு அடியில் மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. தேட நேரமில்லை. வண்டுவைத் துண்டில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தான். ஊருக்கு வெளியே நெருப்பெரிச்சல் கிராமத்துப் பக்கம் சோளக் காடுகள் தொடங்குகிற இடத்தில், ஒரு கிளுவை வேலிக்கு அடியில் அதை இறக்கி வைத்தான். அது அங்கேயே நின்றது. “போ” என்றான். கொஞ்ச நேரம் கழித்து அது நடந்தது, வேலிக்குள் அல்ல, அவன் செருப்பை நோக்கி. அர்த்தநாரி திரும்பிப் பாராமல் சைக்கிளை வேகமாக மிதித்தான்.

அவன் நினைத்தது நடக்கவில்லை. வண்டு போனால் பேச்சும் போகும் என்று நினைத்தான். அமராவதி சாக்கடைக் கல்லைப் புரட்டினாள், விறகடுக்கைக் கலைத்தாள், ஐந்து வீட்டிலும் கட்டிலுக்கு அடியில் புகுந்து பார்த்தாள். அழவில்லை. ஆனால் தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. கடைசியில், மூன்றாம் நாள், பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கன்னையன் கம்பெனி டிரைவர் ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அடுத்த நாளே கன்னையன் பாதி டூட்டியில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து நின்றான்.

யாரை வீட்டுக்குள் வராமல் தடுக்க நினைத்தானோ அவன், காக்கிச் சட்டையோடு சாக்கடையோரம் குப்புறப் படுத்துக் கல்லிடுக்கில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். காலை ஷிப்டு முடிந்து வந்த அர்த்தநாரி பக்கத்தில் நின்று பார்த்தான். சட்டை முழுக்கச் சேறு.

“காக்காதானுங்ணா தூக்கியிருக்கோணும்” என்று எழுந்து உட்கார்ந்தான் கன்னையன். “மேல ஒரு வலை கட்டச் சொல்லோணும்னு நெனச்சேன். மறந்துட்டேன். என்ற தப்புதானுங்ணா.”

அவன் முகத்தில் துளி சந்தேகம் இல்லை. அதுதான் அர்த்தநாரிக்குத் தாங்கவில்லை. கொஞ்சமாவது முறைத்திருந்தால், குத்திப் பேசியிருந்தால், சண்டை போட்டிருக்கலாம். கையைக் கழுவிக்கொண்டு காப்பி குடித்துவிட்டு, தாழிமேல் பழைய கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டிக் கொடுத்துவிட்டுக் கன்னையன் பஸ் ஏறினான்.

அமராவதி கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

“எங்கீங்க உட்டீங்க?” என்றாள்.

“என்னது?”

“காக்கா தூக்கியிருந்தா மேல இருந்த பலகைய நகத்திட்டா தூக்கும்? பலகை நகந்திருந்துச்சுங்க. மண்ணுல விரல் தடம் இருந்துச்சு. மச்சானுக்குச் சொல்லி உட்டதுக்கு அப்புறந்தான் எனக்கு அது புத்தியில பட்டுச்சு. மச்சான் வர்றதுக்கு முன்னாலயே நான் மண்ணத் தட்டி உட்டுட்டேன்.”

அர்த்தநாரி அதற்குப் பதிலாக வேறொன்றைக் கேட்டான். இத்தனை நாள் உள்ளே கிடந்தது தானாக வந்தது. “உனக்கு அவனைக் கட்டிக்கோணும்னு இருந்துச்சா?”

“இருந்துச்சுங்க.”

இல்லை என்று சொல்வாள், நம்பாமல் இருக்கலாம் என்றுதான் அவன் எதிர்பார்த்திருந்தான்.

“பாவாடை தாவணி போட்ட வயசுல இருந்துச்சு. மாமன் ஊட்டுல கேக்கல. மச்சானுக்கும் அந்த நெனப்பு இருந்த மாதிரி தெரியல. அப்புறம் நீங்க வந்து கேட்டீங்க. எங்கப்பன் என்னையக் கேட்டுட்டுத்தான் சரின்னு சொன்னாரு. நானும் உங்களப் பாத்துட்டுத்தான் சரின்னேன்.” அவள் செருப்பை மாட்டினாள். “இன்னொருக்கா இதைக் கேக்காதீங்க. கேட்டா எனக்குக் கோவம் வரும். வண்டு எங்க இருக்குது? வாங்க, போலாம்.”

சைக்கிளின் பின்னால் அவளை உட்கார வைத்துக்கொண்டு மிதித்தான். ‘உங்களப் பாத்துட்டுத்தான் சரின்னேன்’ என்பதை மட்டும் அவன் மனம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தது. அதன் கூடவே ‘இருந்துச்சுங்க’ என்பதும் வந்தது. இரண்டில் எதையும் துரத்த முடியவில்லை.

பொழுது சாய இன்னும் நேரமிருந்தது. வேலிக்கடியில் இரண்டு பேரும் முழங்காலிட்டுச் சருகைக் கிளறினார்கள். கிளுவை முள் அவன் புறங்கையைக் கிழித்தது. ஒன்றுமில்லை. அப்போது காட்டுக்குள்ளிருந்து ஒரு வயதான பெண், கையில் புல்லறுக்கிற அரிவாளோடு வந்தாள். அந்தக் காட்டுக்காரி குழந்தையம்மாள்.

“என்ற வேலியில என்னத்தத் தேடறீங்க?”

“ஆமைக்குஞ்சுங்க ஆத்தா. சின்னது. கறுப்பா இருக்கும்” என்றாள் அமராவதி.

“அதா? மாட்டுக்கால்ல நசுங்கிருமேன்னு பானையில போட்டு வெச்சிருக்கறேன். இந்தப் பக்கம் இத்தன வருசத்துல இப்பிடி ஒண்ண நான் கண்டதே இல்ல. எந்தப் பாவி கொண்டாந்து போட்டான்னு தெரியல. இத்துனூண்டு உசுரு, அவனுக்கு என்ன கேடு செஞ்சுதாமா?”

அர்த்தநாரி தரையைப் பார்த்தான். அமராவதி இப்போது உண்மையைச் சொல்லப்போகிறாள் என்று காது இரண்டும் சூடேறின.

“இவிய, எங்கூட்டுக்காரரு, சட்டைப் பையில வெச்சிருந்தாங்க ஆத்தா. சைக்கிள்ல போகயில உழுந்திருச்சு” என்றாள் அமராவதி.

குழந்தையம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “பையிலயா வெப்பாங்க?” என்று சொல்லிக்கொண்டே பானையை எடுத்து வந்தாள். வண்டுவின் கண்கள் லேசாக வீங்கியிருந்தன. பானைக்குள் ஈரச் சருகு. நான்கு நாள் தின்றதாகத் தெரியவில்லை.

அதைத் தேற்றியது அர்த்தநாரிதான். அமராவதி சொல்லவில்லை, அவனாகவே ஏற்றுக்கொண்டான். விடிந்ததும் தட்டில் இளஞ்சூட்டுத் தண்ணீரைத் தாடை நனையாத அளவுக்கு ஊற்றி அதை நிறுத்தி வைத்தான். சுத்தமான பனியன் துணியை நனைத்துக் கண்ணைத் துடைத்தான். வெயில் நகர நகரத் தாழியை நகர்த்தினான். மிஷின் சத்தத்திலும் அதன் நினைப்புத்தான். ஒருநாள் மாலை, அவன் விரலிடுக்கில் பிடித்திருந்த சப்பாத்திக்கள்ளிப் பழத்தை வண்டு கடித்து இழுத்தபோது, “அமராவதி! தின்னுதே!” என்று கத்தினான். ஐந்து குடித்தனமும் வெளியே வந்து பார்த்தது. பொன்னாத்தாள்கூட முறத்தைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

தை மாதம் பழனிக்கு நடந்து போய்விட்டு வந்த கன்னையன், பஞ்சாமிர்த டப்பாவோடு வீட்டுக்கு வந்தான். அர்த்தநாரி, “வாப்பா” என்றான். பழைய பொறாமை ஒருதரம் எட்டிப் பார்த்தது. இல்லையென்று சொல்ல முடியாது. கன்னையன் நேரே தாழிக்குப் போய் வண்டுவை ஓட்டோடு பிடித்துத் தூக்கினான்.

“அப்பிடித் தூக்காதே. பயந்துக்கும்” என்று அர்த்தநாரி கையை நீட்டி வாங்கிக்கொண்டான். “அடியில கையக் குடுக்கோணும். தொய்யக்கீரை மட்டும் போட்டா ஆகாது, அருகம்புல்லும் வேணும். உனக்கு இதெல்லாம் தெரியாது.”

“சரிங்ணா” என்றான் கன்னையன், சிரிக்காமல். “நல்லாப் பெருத்திருச்சுங்க ரெண்டும். ஒண்ண நான் பல்லடத்துக்கு எடுத்துட்டுப் போகட்டுங்களா? பஸ்ஸுக்குப் போற நேரம் போக, ஊட்டுல எனக்கும் ஒரு தொணையாச்சு.”

“முடியாது!”

அவ்வளவு வேகமாக வரும் என்று அர்த்தநாரியே நினைக்கவில்லை. கன்னையன் திகைத்துப்போய் அமராவதியைப் பார்த்தான். அவள் காப்பி டம்ளர்களோடு வாசற்படியில் நின்றாள். நுரை கூடுதலாக இருந்ததை முதலில் கணவன் கையில் கொடுத்தாள்.

“கேக்காதீங்க மச்சான்” என்றாள். “இவிய உடமாட்டாங்க.”