மசங்குற நேரத்துக்கு ஒரு சைட்

இலை தழை வண்ணம் பூசிய வில்லை ஜெயபாண்டி மேசைமேல் வைத்ததுமே ஜாய்ஸுக்குச் சுருக்கென்றது. மதுரை கோச்சடையில் அவள் வில்வித்தைச் சாமான் கடை போட்ட நாளிலிருந்து வேட்டைக்கென்றே செய்த வில் எதுவும் உள்ளே வந்ததில்லை.

“மச்சான் மலேசியாவுல இருந்து கொண்டாந்தாருக்கா. சும்மா பழகத்தான். குறி பாக்க சைட் ஒண்ணு மாட்டணும்.”

பந்தயத்துக்கு எய்கிறவர்கள் வாங்கும் சைட்டை எடுத்து வைத்தாள். நடுவில் ஒரே புள்ளி, மேலே பூதக்கண்ணாடி. அவன் அதைத் தொடவே இல்லை. பச்சையும் சிவப்புமாக ஊசிகள் அடுக்கியிருந்த இன்னொன்றைக் காட்டினான்.

“அதுல ஊசி மின்னுமாக்கா? மசங்குற நேரத்துல?”

“மின்னும். ரொம்ப இருட்டுனா குட்டி லைட்டு மாட்டணும்.”

“லைட்டும் குடுங்க. ஊசி இருக்கதுலயே தடியா வேணும். நாண்ல மாட்டி உத்துப் பாக்குற வளையமும் பெரிய ஓட்டையா.”

பந்தயக்காரன் சின்ன ஓட்டை கேட்பான், மெல்லிய ஊசி கேட்பான். இவன் கேட்பதெல்லாம் பொழுது சாய்ந்தபின் எதையோ அடிக்கிறவன் கேட்பது. திருமங்கலம் பக்கத்துக் கருவேலங்காடுகளில் மயில்கள் அடைய வருவதும் அதே நேரம்தான்.

“எங்க பழகுற?”

“திருமங்கலத்துக்கு அங்கிட்டு, மாமனாரு கடலைக்காட்டுல.”

“காலைல பழகலாம்ல?”

“ஸ்கூல் வேன் யாருக்கா ஓட்டுறது?”

பதில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

“அம்பு விட்டுப் பாத்துத்தான் சைட்டைத் திருகி வைக்கணும். சனிக்கிழமை நானே வாரேன்.”

“நீங்க எதுக்குக்கா அம்புட்டு தூரம்...”

“நான் வராம சைட்டு கிடையாது.”

அவன் தயங்கிய தயக்கத்தில் ஜாய்ஸுக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

சனிக்கிழமை ஸ்கூட்டரை வரப்போரம் நிறுத்தியதும் முதலில் வேலியடியில் இறகு கிடக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. அம்புகளை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தாள். ரத்த வாடை இல்லை. முனையும் பழகுகிற மொட்டை முனைதான். நிமிர்ந்தபோது ஜெயபாண்டி அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“கத்தி முனை அம்பெல்லாம் எங்கடா ஒளிச்சு வச்சிருக்க? மயிலா, முயலா?”

“ஐயோ அக்கா! முருகன் வாகனத்தையா அடிப்பேன்?”

அவள் நம்பவில்லை. வைக்கோல் அடைத்த சாக்கு ஒன்று தூரத்தில் நின்றது. அவள் சைட்டை மாட்டித் தந்ததும், வெயில் இருக்கும்வரை அவன் எய்த அம்பெல்லாம் சாக்கின் நடுவிலேயே குத்தின. வெயில் தாழ்ந்தது. குட்டி லைட்டைப் போட்டாள். ஊசிகள் பளிச்சென்று மின்னின. ஆனால் அடுத்த அம்பு மண்ணில் போய்ச் செருகியது. அதற்கடுத்தது எங்கே போனதென்றே தெரியவில்லை.

“என்னாச்சு?”

“ஊசி தெரியுதுக்கா. சாக்குதான் தெரியல.”

ஜாய்ஸுக்குச் சாக்கின் தையல்கூடத் தெரிந்தது. விளையாடுகிறானோ என்று நினைத்தாள். அவன் அம்பைத் தேடி நடந்தான். பக்கவாட்டில் நின்ற அவளுடைய ஸ்கூட்டரில் நேராகப் போய் மோதி, அதோடு சேர்ந்து சாய்ந்தான்.

அவள் ஓடிப்போய்த் தூக்கிவிட்டாள்.

“வெளிச்சம் கொறஞ்சா தெரிய மாட்டேங்குதுக்கா. ஓரத்துல வாரதும் தெரியல. இந்த நேரத்துல சாக்குல பட்டுச்சுன்னா, சாயங்கால ட்ரிப்பை ஓட்டிரலாம்னு மனசைத் தேத்திக்கிருவேன். இத்தனை நாளும் படல. சைட்டு இல்லாததாலதான்னு நெனச்சேன்.”

மயிலடிக்கிறவனைப் பிடிக்க வந்தவள், சின்னப் பிள்ளைகள் நிறைந்த வேனை நினைத்து நின்றாள்.

“பள்ளிக்கூடத்துக்குப் போன் போடு. இப்பயே.”

“வேலை போயிருமேக்கா.”

“நீ போடுறியா, நான் போடட்டுமா?”

அவன் வெகுநேரம் போனைக் கையிலேயே வைத்திருந்தான். பிறகு போட்டான். பேசி முடித்ததும், “திருப்திதானே?” என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும், வண்டி ஓட்டவே கூடாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டதாக அடுத்த வாரம் அவன் மனைவி தமிழ்ச்செல்விதான் போனில் சொன்னாள்.

“அவரு ஒங்க பேச்சை எடுத்தாலே எந்திரிச்சுப் போயிருறாரு. கோவம் தீரல.”

“இருக்கட்டும்மா.”

தமிழ்ச்செல்வி குரலைத் தாழ்த்தினாள்.

“ஒரு மாதிரி இருக்காருன்னு எனக்கு முந்தியே தெரியும்க்கா. வண்டி பொறப்புடுற சத்தம் கேட்டா அவரு வாரவரைக்கும் வாசல்லயேதான் நிப்பேன். கேக்கப் பயம். இப்ப ஒக்காந்து சோறாக்குறேன்.”

தமிழ்ச்செல்வி அழுகிறாளோ என்று ஜாய்ஸ் போனைக் காதோடு அழுத்திக் கேட்டாள். கரண்டி பாத்திரத்தில் இடிக்கும் சத்தம்தான் வந்தது.