நீல ட்யூப் யாருக்கு

நீல ட்யூபை வாங்க அமிர்தம் கையை நீட்டினாள். நிறம் கண்ணில் பட்டதும் கையை இழுத்துக்கொண்டாள். மஞ்சள் இல்லையா என்று கேட்டாள்.

இருந்தது. ஆனால் அது அவளுக்கானது இல்லை. உடற்பயிற்சி ரப்பர் ட்யூபில் நிறம் அழகுக்காகப் போடுவதில்லை, இழுவிசையைக் காட்டப் போடுவது. நான் வாங்கியிருந்த செட்டில் மஞ்சள் ரொம்ப லேசு. சிவப்பு அதற்கு மேல். பச்சை நடுத்தரம். நீலம் முரடு. பொம்மை அடுக்கிய பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு கொட்டகைக்கும் சூளைக்கும் நாளெல்லாம் நடக்கிறவள் அமிர்தம். அவளுக்கு மஞ்சளைக் கொடுத்தால் தலைமுடி ரிப்பனை இழுக்கிற மாதிரிதான் இருக்கும். ஒரு பிரயோஜனமும் இல்லை.

நான் பிசியோதெரபி படித்தவள். விருத்தாசலத்தில் செராமிக் பொம்மை செய்கிற யூனிட் ஒன்றில், தோள்வலி என்று பெண்கள் லீவு போடுவது அதிகமாகிவிட்டது. அதனால் வாரம் இரண்டு நாள் சாயங்காலம் வந்து பயிற்சி கொடுக்கச் சொன்னார் முதலாளி விருத்தகிரி. அக்கறையாம். ஆர்டர் தவறிவிடக் கூடாது என்கிற அக்கறை. அதே வாயால், அச்சை மேல்தட்டுக்குத் தூக்க முடியவில்லை என்றால் தை பிறந்ததும் நின்றுகொள் என்று கொளஞ்சியிடம் சொல்லியிருந்தார். கொளஞ்சி என் அம்மா. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்தக் கொட்டகையில் களிமண் கரைசலை அச்சில் ஊற்றித் தட்டில் ஏற்றுகிறவள். இப்போது அவள் வலது கை நெஞ்சுக்கு மேல் போகாது.

அந்தக் கைக்குத்தான் மஞ்சள்.

முந்தின வகுப்பிலேயே ஒவ்வொருத்தரையும் தனியாக நிறுத்திப் பார்த்திருந்தேன். தொடர்ந்து இழுக்கும்போது கடைசியில் கொஞ்சம் கஷ்டமாக இருக்க வேண்டும், ஆனால் உடம்பு கோணக் கூடாது, தோள் காதை நோக்கி ஏறக் கூடாது. அதுதான் அவரவர் ட்யூப். வீட்டில் ஜன்னல் கம்பியில் கட்டிச் செய்யவும் அதே பலம்தான். உயரத்துக்குத் தகுந்த நீளம் பார்த்து, ரப்பரில் கீறல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, கைப்பிடியில் பிளாஸ்டர் ஒட்டிப் பெயர் எழுதி எடுத்து வந்திருந்தேன்.

எங்கள் ஊரில் நிறத்துக்கு அர்த்தம் வேறு என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. மங்கலம்பேட்டை ரோட்டில் இருக்கிற ஊர். வேலைக்கு வருகிற வேன் ஒன்றுதான், முன்சீட்டில் ஊர்த்தெரு, பின்சீட்டில் நாங்கள். மஞ்சள் எந்தத் தெருக் கொடியில் இருக்கும், நீலம் எந்தத் தெருக் கொடியில் இருக்கும் என்று மூன்றாவது படிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். பிள்ளைகள் கையில் கட்டிக்கொள்கிற கயிறும் அதன்படிதான். தெரிந்தும் வாங்கினேன். ரப்பருக்குமா தெரு பார்ப்பார்கள் என்று நினைத்தேன்.

பார்த்தார்கள். என் பையில் கையை விட்டு, அம்மா பெயர் எழுதிய மஞ்சளை அமிர்தம் எடுத்துக்கொண்டாள். அவள் எடுத்ததும் மற்ற ஊர்த்தெருப் பெண்களும் மிச்ச மஞ்சளையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் தெரு மட்டும் சும்மா இருந்ததா? மணிக்கட்டு வீங்கிக் கிடக்கிற தனக்கோடி, சிவப்பை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு நீலத்தைத் தூக்கிக்கொண்டாள்.

"நம்ம கலர எவளுக்குடி வுட்டுத் தரச் சொல்ற? நான் இழுப்பேன், நீ போ" என்றாள்.

இழுத்து மணிக்கட்டைப் பிய்த்துக்கொள், உன் கொடி வந்து கட்டுப் போடும் என்று சொன்னேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். எதற்கு வம்பு, எல்லாருக்கும் பச்சையாக வாங்கிப் போட்டுவிடு, ரப்பர்தானே என்றார். எல்லாப் பொம்மைக்கும் ஒரே அச்சு போதுமா என்று கேட்டேன். படித்த திமிர் என்று முணுமுணுத்தார். ஆமாம், திமிர்தான். எங்கள் வீட்டில் முதல்முதலாகப் படித்தவள் நான்.

இதற்குள் அம்மா ஒரு நீலத்தை எடுத்துக் காலால் மிதித்துக்கொண்டு இழுத்துவிட்டாள். தன்னால் சண்டை வரக் கூடாதென்று நினைத்திருப்பாள். அவளுக்கு எப்போதும் அப்படித்தான். தோள் காதுவரை ஏறியது, முகம் வெளுத்தது, கைப்பிடி நழுவித் தரையில் அடித்தது. நான் ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன்.

திரும்பி அமிர்தத்திடம், அந்த மஞ்சளில் பெயர் இருக்கிறது, படித்துப் பார், கொடு என்றேன். கொஞ்ச நேரம் என்னை முறைத்தாள். பிறகு கொடுத்தாள். கொடுத்தாள் என்று சொல்லக் கூடாது. அம்மா நீட்டிய கைக்கு எட்டாமல், காலடியில் போட்டாள். வெள்ளை மண் தூசியில் மஞ்சள் ட்யூப் சுருண்டு விழுந்தது.

நான் குனிந்தேன். அம்மா நல்ல கையால் என் தோளை அழுத்தி நிறுத்தினாள்.

"எடுத்துக் கையில குடு, அமிர்தம்."

அமிர்தம் என் அம்மாவைவிட வயதில் சின்னவள். இத்தனை வருடமும் அவள் அம்மாவைக் கொளஞ்சி என்றுதான் கூப்பிட்டாள். அம்மா அவளை அமிர்தம்மா என்றுதான் கூப்பிட்டாள். அன்றுதான் அந்த 'அம்மா' உதிர்ந்தது.

"பேரச் சொல்லிக் கூப்புடற அளவுக்கு வந்துட்டியா நீ?"

"நீ கூப்புடறல்ல."

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். தனக்கோடி நீலத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கள் தெருப் பெண்கள் ஒவ்வொருத்தராக உட்கார்ந்தார்கள். சூளையில் பொம்மை அடுக்குகிறவர்கள் இவர்கள்தான். அன்றைக்கு அடுக்கி மூட்டினால்தான் ஆர்டர் நாள் தவறாமல் லாரி ஏறும். முதலாளி சூளையைப் பார்த்தார், உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். அவரே குனிந்து எடுத்துக் கொடுத்திருக்கலாம். அவருக்கும் முதுகு வளையவில்லை.

"எடுத்துக் குடும்மா அமிர்தம், மரம் மாதிரி நிக்கிற" என்று எரிந்து விழுந்தார்.

நியாயத்துக்காக இல்லை, லாரிக்காக. அது எனக்குத் தெரியும்.

அமிர்தம் எடுத்தாள். கைப்பிடியின் நுனியை இரண்டு விரலால் பிடித்து நீட்டினாள். அம்மா எழுந்து, மறுநுனியைப் பிடிக்காமல், அதே கைப்பிடியை அவள் விரலோடு சேர்த்துப் பிடித்து வாங்கினாள். அமிர்தம் கையை உதறிக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள். நீலத்தைக் கடைசிவரை தொடவில்லை. தொடாவிட்டால் போகட்டும், மஞ்சள் கிடையாது என்று சொல்லிவிட்டேன். தனக்கோடியிடமிருந்து நீலத்தைப் பிடுங்கிச் சிவப்பைத் திணித்தேன். அவள் திட்டினாள். திட்டிக்கொண்டே இழுத்தாள்.

அம்மா தூசியை முந்தானையால் துடைத்துவிட்டு ட்யூபைக் காலால் மிதித்துக்கொண்டாள். முழங்கை மடங்காமல் கை மெதுவாக மேலே வந்தது. நெஞ்சு உயரத்தில் நின்றுவிட்டது.

"தோள் ஏறுது, இறக்கு. மறுபடி இழு" என்றேன்.

என் குரலில் கோபம் அடங்கியிருக்கவில்லை. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.